பென் டிரைவிலிருந்து பூட் ஆகாத பழைய மேசைக்கணினி: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

எங்கள் ஊர் வாசகசாலையில் பல ஆண்டுகளாக இருந்துவரும் மேசைக்கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவிக் கொடுக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. கோர் 2 டுவோ பிராசசர், 4 ஜிபி டிடிஆர்2 ரேம், 250 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் விண்டோஸ் 7, அத்துடன் அங்குள்ள நூல்கள் அனைத்தையும் ஒருவர் பொறுமையாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த இருப்புப் பதிவேடு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எதிர்பார்க்கும் எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் கோர் 2 டுவோவில் இல்லை என்பதால், எந்தத் தந்திரம் செய்தாலும் அது இந்தக் கணினியில் ஏறாது. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுவது என்று முடிவாயிற்று. பென் டிரைவைத் தயார் செய்து, பின்பக்க போர்ட்டில் செருகி, கணினியை இயக்கினால், கறுப்புத் திரையின் இடது மூலையில் ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் பலரும் பென் டிரைவுடனேயே இரண்டு மூன்று நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். நானும் முன்பு அப்படிக் கழித்தவன்தான். நமக்கு வேண்டியது ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இயங்குதளம். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க உள்ள வழிகளில் பென் டிரைவ் ஒன்று, அவ்வளவுதான். அந்த வழி அடைபட்டிருந்தால் எவ்வளவு நேரம் அதைத் திறக்க முயல்வது, எப்போது விட்டுவிட்டு வேறு வழிக்குப் போவது, வேறு வழிகளில் எது நம்மிடம் உள்ள பொருட்களுக்கும் நம் தரவின் பாதுகாப்புக்கும் ஏற்றது என்பவைதான் இங்கே தீர்மானிக்க வேண்டியவை.

பென் டிரைவுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

ஒரு மணி நேரம் கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. அந்த ஒரு மணி நேரத்தை முறையாகச் செலவிட வேண்டுமானால், கோளாறு மூன்று வகைகளில் எது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பூட் மெனுவில் பென் டிரைவின் பெயரே வரவில்லையா? பெயர் வந்து, தேர்ந்தெடுத்த பிறகு மின்னும் கோடோ ‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்ற வரியோ வந்து நிற்கிறதா? அல்லது லினக்ஸின் மெனு வரை வந்து அதற்குப் பிறகு நிற்கிறதா? மூன்றாவது வகை பூட் கோளாறே அன்று. உதாரணமாக, எக்ஸ்86-64 (64 பிட்) சிபியு தேவை என்று லினக்ஸின் மைய நிரலான கெர்னல் செய்தி காட்டினால், பென் டிரைவ் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது என்றும் உங்கள் பிராசசர் 32 பிட் வகை என்றும் பொருள். அதற்கு 32 பிட் பதிப்பைத் தேட வேண்டுமே தவிர பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரலை, குடைந்து பயனில்லை.

பெயரே வராத முதல் வகையில், பென் டிரைவை வேறொரு கணினியில் செருகி நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பழைய கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல் முழுவதும் அணைத்து, மதர்போர்டுடன் நேராக இணைந்திருக்கும் பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகிய பிறகே இயக்க வேண்டும். பிற்காலத்தில் தனி அட்டையாகச் சேர்த்த யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள் இயங்குதளம் ஏறிய பின் வேலை செய்தாலும், பழைய பயாஸின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. பயாஸில் யுஎஸ்பி கண்ட்ரோலர், லெகசி யுஎஸ்பி சப்போர்ட், யுஎஸ்பி ஸ்டோரேஜ் ஆகியவை எனேபிள் ஆகியிருக்க வேண்டும். யுஎஸ்பி கீபோர்டு பயாஸில் உயிர் பெறவில்லை என்றால், ஊதா நிற வட்ட போர்ட்டில் செருகும் பழைய பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைத் தேடிப் பிடிப்பது நல்லது. பழைய கணினிகளுடன் பழகுகிறவர்கள் அப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பது எப்போதும் பயன்படும்.

இங்கே ஒரு நுணுக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். அக்காலத்து அவார்டு பயாஸ்கள் பலவற்றில் ‘ஃபர்ஸ்ட் பூட் டிவைஸ்’ என்ற பட்டியலில் யுஎஸ்பி-எஃப்டிடி, யுஎஸ்பி-ஜிப், யுஎஸ்பி-எச்டிடி என்று பல பெயர்கள் இருக்கும். அவற்றில் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்துப் பார்த்துச் சலித்துப்போவோம். பென் டிரைவோ அந்தப் பட்டியலில் இல்லாமல், ‘ஹார்ட் டிஸ்க் பூட் பிரையாரிட்டி’ என்ற உட்பிரிவுக்குள் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கைப் போல உட்கார்ந்திருக்கும். அங்கே அதை மேலே ஏற்றிவிட்டு, முதல் பூட் சாதனமாக ‘ஹார்ட் டிஸ்க்’ என்பதையே வைக்க வேண்டும். பென் டிரைவ் செருகியிருக்கும்போது மட்டுமே அந்தப் பெயர் தெரியும்; அதை எடுத்துவிட்டு ஒருமுறை இயக்கினாலே பல பயாஸ்கள் அந்த வரிசையை மறந்துவிடும். பயாஸின் நேரமும் தேதியும் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குத் திரும்பினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அறியலாம். 3 வோல்ட் தர வேண்டிய அந்தப் பேட்டரி வாசகசாலைக் கணினியில் மல்டிமீட்டருக்கு 2.3 வோல்ட்தான் காட்டியது. நான் சேமித்த மாற்றங்கள் மின்சாரத்தை நிறுத்தியவுடன் போய்க்கொண்டிருந்தன. அதை மாற்றாமல் வேறு எந்த அமைப்பை மாற்றியும் பயன் இருந்திருக்காது.

பெயர் வந்தும் பூட் ஆகாத இரண்டாம் வகைக்குக் காரணம் பெரும்பாலும் பென் டிரைவ் எழுதப்பட்ட முறை. இன்றைய கருவிகள், பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ கொண்ட கணினிகளை மனத்தில் கொண்டு, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய ஜிபிடி முறையில் எழுதிவிடக்கூடும். பழைய பயாஸுக்கு அதற்கு முந்தைய எம்பிஆர் முறை வேண்டும். பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் நிரலில் பார்ட்டிஷன் ஸ்கீமை எம்பிஆர் என்று மாற்றி, மேம்பட்ட தேர்வுகளுக்குள் பழைய பயாஸ்களுக்கான திருத்தங்களைச் சேர்க்கும் பெட்டியை டிக் செய்து மறுபடி எழுதிப் பார்க்கலாம். அதே ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவும் வட்டின் முழு நகலை, மாற்றமின்றி அப்படியே எழுதும் டிடி முறையிலும் எழுதிப் பார்க்கலாம். ஒரு முறையில் நிற்கும் கணினி மற்றொன்றில் பூட் ஆவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். பென் டிரைவின் கொள்ளளவையும் கவனியுங்கள். சில பழைய பயாஸ்கள் முதல் 137 ஜிபிக்கு அப்பால் படிக்கத் தெரியாதவை; 256 ஜிபி பென் டிரைவில் பல ஐஎஸ்ஓக்களை அடுக்கி வைத்தால், முன்னால் உள்ளது பூட் ஆகி, பின்னால் உள்ளது ஆகாமல் போகும். 4 ஜிபி அல்லது 8 ஜிபி கொண்ட பழைய பென் டிரைவ் ஒன்று இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது.

இவ்வளவையும் செய்து முடிக்க ஒரு மணி நேரம் போதும். அதற்குள் பூட் ஆகவில்லை என்றால் நான் மேற்கொண்டு அந்தப் பயாஸுடன் போராடுவதில்லை.

டிவிடி

பயாஸ் சிடியிலிருந்து பூட் ஆவதற்கான எல் டோரிட்டோ முறை 1995இலேயே வந்துவிட்டது; டிவிடிக்கும் அதே முறைதான். யுஎஸ்பி 2.0 வெளிவந்ததே 2000இல்தான். ஆகவே யுஎஸ்பியை அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் ஒரு பயாஸ் டிவிடியை முழுமையாகப் புரிந்துகொள்ளும். பயாஸைப் பொறுத்தவரை இதுவே மிகவும் நம்பகமான வழி. சிக்கல் டிரைவிலும் வட்டிலும்தான் இருக்கிறது. பத்தாண்டு தூசி படிந்த லென்ஸ் சிடியைப் படிக்கும், டிவிடியைப் படிக்காது. அல்லது பாதி வரை படித்து, கோப்புகளை நகலெடுக்கும் நடுக்கட்டத்தில் முனகிக்கொண்டு நின்றுவிடும். வாசகசாலைக் கணினியில் டிரைவின் கதவே திறக்கவில்லை. நிமிர்த்திய ஜெம் கிளிப்பை முன்பக்கச் சிறு துளையில் நுழைத்துத் திறந்தபோது உள்ளே ஒரு பழைய பாடல் வட்டு இருந்தது. அந்த வட்டைக்கூட டிரைவால் படிக்க முடியவில்லை.

டிரைவ் நன்றாக இருக்கிறவர்கள் வட்டின் அளவைப் பார்க்க வேண்டும். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி வரைதான் கொள்ளும். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ சுமார் 3 ஜிபி என்பதால் அடங்கும், உபுண்டு 24.04இன் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டிவிட்டதால் அடங்காது. டெபியனின் நெட் இன்ஸ்டால் கோப்பு 1 ஜிபிக்கும் குறைவு, ஆனால் மற்றவை எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்கும் என்பதால் லேன் கேபிள் தேவைப்படும். இன்றைய மடிக்கணினிகளில் டிவிடி ரைட்டர் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். திருமண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்களில் இன்னும் எழுதிக் கொடுக்கிறார்கள். வட்டைத் தரவுக் கோப்பாக நகலெடுக்காமல் ‘இமேஜ்’ ஆக எழுதும்படியும், வேகத்தைக் குறைத்து எழுதும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்ளாப் பூட் மேனேஜர்

பயாஸுக்கு யுஎஸ்பி தெரியாவிட்டால், யுஎஸ்பி தெரிந்த ஒரு சிறு நிரலை முதலில் ஏற்றி, அதன் மூலம் பென் டிரைவை எழுப்புவது இந்த முறை. சிடியிலிருந்தோ ஃப்ளாப்பியிலிருந்தோ, ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) மூலமாகவோ ப்ளாப்பை ஏற்றலாம். டிரைவ் சிடியை மட்டும் படிக்கும் நிலையில் இருந்தால் இது உண்மையிலேயே கைகொடுக்கும், ஏனெனில் அதன் கோப்பு மிகச் சிறியது. சிடியின் ஓரத்தில் கொஞ்சம் இடம் போதும். ஆனால் அது பல ஆண்டுகளாக மேம்படுத்தப்படாத நிரல் என்பதால், எல்லா மதர்போர்டுகளிலும் யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. உறைந்து நின்றால் யுஎஸ்பி 1.1 முறைக்கு மாற்றிப் பார்க்கலாம். அப்போது விநாடிக்கு 12 மெகாபிட் வேகம்தான், அதாவது 1.5 மெகாபைட் என்பதே அதன் உச்சம். கெர்னலும் அதனுடன் ஏறும் இனிட்ஆர்டி என்ற தொடக்கக் கோப்பும் சேர்ந்து 100 எம்பி அளவில் இருந்தால் அவை ஏறுவதற்கே ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ பிடிக்கும். அந்த நேரத்தில் திரையில் எதுவும் நகராது. உறைந்துவிட்டது என்று நினைத்துப் பலரும் அணைத்துவிடுவது அந்தக் கட்டத்தில்தான். கெர்னல் ஏறியவுடன் அதன் சொந்த யுஎஸ்பி டிரைவர் பொறுப்பேற்று வேகம் இயல்புக்கு வந்துவிடும் என்பதால், ஐந்து நிமிடம் வரை கை வைக்காமல் காத்திருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஐஎஸ்ஓவிலிருந்தே பூட் செய்தல்

கணினியில் ஏற்கெனவே ஒரு லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால், இதைவிட எளிய வழி இல்லை. புதிய ஐஎஸ்ஓ கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, கிரப் மெனுவில் ‘லூப்பேக்’ கட்டளை கொண்ட ஒரு பதிவைச் சேர்த்தால், பென் டிரைவும் டிவிடியும் இல்லாமலேயே ‘நிறுவி’, அதாவது நிறுவும் நிரல், மேலெழும். உபுண்டு, மின்ட் வகைகளுக்குக் கோப்பின் இடத்தை ‘ஐஎஸ்ஓ-ஸ்கேன்/ஃபைல்நேம்’ என்ற அளபுருவாலும், டெபியன் லைவ் வகைகளுக்கு ‘ஃபைண்ட்ஐஎஸ்ஓ’ என்பதாலும் சொல்ல வேண்டும். விண்டோஸ் மட்டும் உள்ள கணினியில் கிரப்4டாஸ் அல்லது யுநெட்பூட்டினின் ஹார்ட் டிஸ்க் முறை இதே வேலையைச் செய்யும்.

இதில் ஒரு தடை உண்டு. ஐஎஸ்ஓ கோப்பு டிஸ்க்கின் எந்தப் பகுதியில் (பார்ட்டிஷனில்) இருக்கிறதோ அந்தப் பகுதி பயன்பாட்டில் இருப்பதால், நிறுவி அதை அழிக்கவோ அளவு மாற்றவோ மறுக்கும். ஒரே ஒரு பெரிய பகுதி மட்டுமே உள்ள டிஸ்க்கில் இந்த முறை இடறும். சிறியதாகத் தனிப் பகுதி ஒன்றை முதலிலேயே பிரித்து அங்கே வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. எனக்கு இந்த வழியில் உள்ள தயக்கம் வேறு: நடுவில் ஏதாவது தவறினால் பழைய இயங்குதளமும் போய், புதியதும் ஏறாமல், மறுபடி பூட் செய்ய எந்த வாயிலும் இல்லாத கணினி மிஞ்சும். அதே டிஸ்க்கில்தான் நம் தரவும் இருக்கிறது.

டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து நிறுவுதல்

கழற்றுவது என்றாலே பலர் இதைக் கடைசி வழியாக வைக்கிறார்கள். நான் பென் டிரைவுக்கு அடுத்த இடத்திலேயே வைப்பேன். பழைய கணினி தாமதமாக இயங்குவதற்கு முதற்காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை மாற்றி, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடப்போகிறோம் என்றால், எப்படியும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றத்தான் வேண்டும். புதிய எஸ்எஸ்டியை நல்ல நிலையில் உள்ள மற்றொரு கணினியில் இணைத்து, அங்கே லினக்ஸை நிறுவி, பிறகு பழைய கணினிக்குக் கொண்டுவந்தால் பூட் சிக்கல் என்ற பேச்சே எழாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் அழியாமல் அப்படியே காப்பாக இருக்கும். மற்ற எந்த வழியிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

லினக்ஸில் இது ஏன் நடக்கிறது என்றால், டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலுடனேயே வருகின்றன. உபுண்டு, டெபியன் வகைகளின் இனிட்ஆர்டியும் பலவகைக் கணினிகளுக்கான மாட்யூல்களைச் சேர்த்தே கட்டப்படுகிறது. டிஸ்க்கின் பகுதிகளும் போர்ட்டின் பெயரால் குறிக்கப்படாமல் யுயுஐடி என்ற தனித்த அடையாள எண்ணால் குறிக்கப்படுவதால், எந்தக் கேபிளில் செருகினாலும் கண்டுகொள்ளும். விண்டோஸ் அவ்வளவு இணக்கமாக இருக்காது. குறிப்பாக விண்டோஸ் 7ஐ ஒரு கணினியில் நிறுவி இன்னொன்றுக்கு மாற்றினால், டிஸ்க் இணைப்பு முறைகளான ஐடிஇ–ஏஎச்சிஐ வேறுபாட்டால் 0x7பி என்ற நீலத்திரையில் நிற்பது வழக்கம். விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள், நிறுவும் கோப்புகளை மட்டும் டிஸ்க்கில் 8 ஜிபி அளவில் ஒரு ஆக்டிவ் பகுதி பிரித்து நகலெடுத்து, பூட்செக்ட் கட்டளையால் பூட் ஆகும்படி செய்து, நிறுவுதலைப் பழைய கணினியிலேயே நடத்துவது நல்லது.

இந்த வழியில் மூன்று இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். முதலாவது, உதவிக்கு எடுத்துக்கொண்ட கணினியின் சொந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் அதில் போய் உட்கார்ந்து, இரண்டு கணினிகளும் பூட் ஆகாத நிலை வரும். இரண்டாவது, அந்தக் கணினி புதியதாக இருந்தால் நிறுவி யுஇஎஃப்ஐ முறையில் ஏறி, டிஸ்க்கை ஜிபிடியாக அமைத்துவிடும். அப்படி நிறுவிய டிஸ்க்கைப் பழைய பயாஸ் திரும்பியும் பார்க்காது. பயாஸில் பழைய முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம் அல்லது லெகசி முறையை இயக்கி, பூட் மெனுவில் ‘யுஇஎஃப்ஐ’ என்ற முன்னொட்டு இல்லாத பதிவைத் தேர்ந்தெடுத்தே நிறுவியைத் தொடங்க வேண்டும். அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில் சிஎஸ்எம்மே இல்லை என்பதால், பத்தாண்டு பழையதான ஒரு கணினிதான் இந்த உதவிக்குப் பொருத்தம். மூன்றாவது, அங்கே கிராஃபிக்ஸ் அட்டைக்கான தனி டிரைவர் எதையும் நிறுவக் கூடாது. அந்த வேலையை இடம் மாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செலவு என்று பார்த்தால், எஸ்எஸ்டியின் விலையும், பழைய டிஸ்க்கைப் படிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாட்டா–யுஎஸ்பி அடாப்டரும்தான். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தேவை என்பதால், தனி அடாப்டர் பின்னுடன் வருவதைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய கணினியில் சாட்டா இல்லாமல் அகலமான ஐடிஇ பட்டைக் கேபிள் மட்டும் இருந்தால், இந்த வழியின் எளிமை குறைந்துவிடும். அங்கே டிவிடியே மேல்.

நெட்வொர்க் பூட்டும் பயாஸ் அப்டேட்டும்

பிஎக்ஸ்இ என்ற நெட்வொர்க் பூட் ஒரே மாதிரியான இருபது கணினிகள் உள்ள கணினி ஆய்வகத்துக்கு மிகச் சிறந்த வழி. முகவரியைத் தரும் டிஎச்சிபி, கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி ஆகிய சேவைகளை ஒரு மடிக்கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் நிரல் கொண்டு அமைத்து, ஒவ்வொரு கணினியின் பயாஸிலும் லேன் பூட் ராமை இயக்கினால், ஒரே நாளில் அத்தனையையும் முடிக்கலாம். ஒற்றைக் கணினிக்காக அதைக் கற்றுக்கொள்வது, கற்கும் ஆர்வம் இருப்பவர்களுக்கு மட்டும்.

பயாஸ் அப்டேட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. யுஎஸ்பி பூட் கோளாறு அதனால் தீரலாம், தீராமலும் போகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே செத்துவிடும். யுபிஎஸ் இல்லாத இடத்தில் அதை எண்ணிப் பார்க்கவும் கூடாது.

யாருக்கு எது

ஏற்கெனவே லினக்ஸ் இருந்து, தரவும் வேறிடத்தில் நகலாக இருந்தால், கிரப் வழி அரைமணி நேரத்தில் முடியும். டிவிடி டிரைவ் படித்தால், டிஸ்க்கை மாற்றும் எண்ணமும் இல்லாவிட்டால், டிவிடி. சிடி மட்டும் படித்தால் ப்ளாப். தரவு முக்கியமானது, நகல் இல்லை, எஸ்எஸ்டி வாங்கப் பணம் இருக்கிறது என்றால், மற்ற எதையும் யோசிக்காமல் டிஸ்க்கைக் கழற்றும் வழிக்குப் போகலாம்.

வாசகசாலைக்கு நாங்கள் எடுத்ததும் அந்த வழிதான். பேட்டரியை மாற்றினோம், ஒரு மணி நேரம் பென் டிரைவுடன் முயன்றோம், மின்னும் கோடு மாறவில்லை. ஒரு நண்பரின் பழைய கணினியில் 128 ஜிபி எஸ்எஸ்டியை இணைத்து மின்ட்டை நிறுவி, மறுநாள் வாசகசாலைக்குக் கொண்டுவந்து செருகினேன். முதல் முறையிலேயே பூட் ஆகியது. லேன் கார்டின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அதையும் நெட்வொர்க் மேனேஜர் தானாகவே ஏற்றுக்கொண்டது.

பதிவேட்டுக் கோப்பைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அடாப்டர் வழியாக நகலெடுத்து லிப்ரேஆபிஸில் திறந்தபோது, நூல்களின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. தட்டச்சு செய்தவர் யூனிகோடுக்கு மாறாமல் பாமினி எழுத்துருவிலேயே அத்தனை ஆண்டுகளும் வேலை செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க்கை அழித்து நிறுவியிருந்தால் எக்செல் கோப்பை மட்டும் எடுத்து வைத்திருப்போம். எழுத்துருவைப் பற்றி யாருக்கும் தோன்றியிருக்காது. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் பகுதியில் அது இருந்தது. அதை நகலெடுத்து மின்ட்டில் சேர்த்து, கோப்பை மூடித் திறந்ததும், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை நூல்களின் பெயர்கள் தமிழில் வந்து நின்றன. யூனிகோடுக்கு மாற்றும் வேலை இப்போது வரிசை வரிசையாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க் தேதி எழுதிய உறையில், நூலகரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.